கட்டி என்றால் எந்தக் கட்டி?

எங்கள் தாய்மாமாவுக்கு இருப்பது நியூரோஃபைப்ரோமட்டோசிஸ், முதல் வகை. டாக்டர்கள் சுருக்கமாக என்.எஃப். ஒன்று என்பார்கள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அதற்கு ஆளுக்கொரு பெயர். கொழுப்புக்கட்டி என்பார் ஒருவர், பாலுண்ணி என்பார் இன்னொருவர், ரத்தம் கெட்டுப்போச்சு என்பார் வேறொருவர். குரலைத் தணித்துக்கொண்டு "பெருவியாதியா இருக்குமோ" என்று கேட்டவர்களும் உண்டு.

இப்போது மாமா மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவளுக்கும் இது இருக்கிறது. "எனக்கு இருக்கிறது என் பிள்ளைக்கும் வருமா? அவங்க வீட்ல என்னன்னு சொல்றது?" என்று போனில் கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்த ஆள் இல்லை. மாமாவோடு ஆஸ்பத்திரிகளில் உட்கார்ந்து, டாக்டர்களிடம் கேட்டு, பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. உலகம் முழுக்க 2,500 முதல் 3,000 பிறப்புக்கு ஒருவர் என்ற கணக்கில் இந்த நோய் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் 30 லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் நம் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு இது இருக்க வேண்டும். அதில் எத்தனை வீட்டில் இதன் பெயர் தெரியும் என்பதுதான் என் கவலை.

மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே முதுகிலும் வயிற்றிலும் பால் கலந்த காபி நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்ததாம். பிறவி மச்சம் என்று விட்டுவிட்டார்கள். மீசை அரும்பும் வயதில் முழங்கையிலும் மார்பிலும் சின்னச் சின்னதாகக் கட்டி கிளம்பியது. வலி கிடையாது, சீழ் கிடையாது. வருசத்துக்கு வருசம் எண்ணிக்கை மட்டும் கூடியது. யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்துத் தடவி, தோல் வெந்து, கழுத்தில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. அது வேர்விட்டிருப்பது தோலில் இல்லை, தோலுக்குள் ஓடும் நரம்பிழையின் உறையில். மேலே தீய்த்தால் எப்படிப் போகும்?

என் தங்கைக்கு அழகர்கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது நம் வழக்கம். மாமா சீர்த்தட்டோடு முதல் ஆளாக வந்திருந்தார். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் மாட்டியிருந்தார். ஆசாரி கம்பியை எடுக்கும் நேரத்தில் அப்பா வழியில் ஒரு பெரியம்மா, "பச்சப்புள்ளய அந்த மடியிலயா வைப்பாக? ஒட்டிக்கிட்டா என்ன செய்யிறது? ஒண்ணுவிட்ட மாமன் யாராவது உக்காருங்கப்பா" என்றது. மாமா எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா அவர் தோளைப் பிடித்து அமுக்கி, "எந்தம்பி மடியிலதான் எம்புள்ள உக்காரும்" என்று சொல்லி, தங்கையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அம்மாவுக்கு அப்போது நோயின் பெயர்கூடத் தெரியாது. அவள் சொன்னதுதான் மருத்துவப்படியும் சரி. தொட்டாலோ, கூடப் படுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இது ஒட்டவே ஒட்டாது.

அந்தப் பெரியம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. பெருவியாதி என்று ஊரில் சொல்லும் தொழுநோயில் ஒரு வகை இருக்கிறது, அதிலும் முகத்திலும் காதுமடலிலும் முண்டு முண்டாகத் தடிக்கும். ஒரு தலைமுறைக்கு முந்திய ஆட்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். எட்டி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். கிட்ட வந்து சோதித்தால் பிரித்துவிடலாம். பெரியாஸ்பத்திரியில், அதாவது பனகல் சாலையில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் (எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அது எர்ஸ்கின் ஆஸ்பத்திரி), தோல் பிரிவில் முதலில் செய்தது அதைத்தான். மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அங்கங்கே தொட்டு, "எங்க தொடுறேன், விரல வச்சுக் காட்டுங்கய்யா" என்றார் டாக்டரம்மா. எல்லா இடத்திலும் மாமா சரியாகக் காட்டினார். உணர்ச்சி எங்கும் மரத்துப்போகவில்லை. காதுமடலில் லேசாகக் கீறி எடுத்த நீரிலும் கிருமி இல்லை. தொழுநோயாகவே இருந்திருந்தாலும் என்ன? அதற்குக் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, முழுசாகக் குணமாகிறது. மனிதரை ஒதுக்கி வைக்க அதுவும் காரணமாகாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்கேன் இல்லை, பெரிய மெஷின் இல்லை. "சட்டை, பனியன் ரெண்டையும் கழட்டுங்க" என்றார். மாமா கூசினார். இத்தனை வருசத்தில் எந்த டாக்டரும் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, கையை நீட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டுத் தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து முதுகில் இருந்த காபித் திட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தார். கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார். வெயிலே படாத அந்த மடிப்பில் மிளகைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள் தூவிக் கிடந்தன. கூட நின்ற பயிற்சி டாக்டர்களை அருகில் கூப்பிட்டு, "மத்ததெல்லாம் மறந்தாலும் இத மறக்காதீங்க" என்றார். பிறகு மார்பில் இருந்த ஒரு கட்டியை விரலால் அழுத்தினார். சட்டைப் பொத்தான் துளைக்குள் விரல் நுழைவதுபோல அது உள்ளே அமுங்கி, எடுத்ததும் மேலே வந்தது. கொழுப்புக்கட்டி இப்படி உள்ளே போகாது, விரலுக்கு அடியில் வழுக்கி நகரும்.

இந்தக் கணக்கெல்லாம் டாக்டரம்மாவின் சொந்த யோசனை இல்லை. 1987-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய கூட்டத்தில் வகுத்த அளவுகோல், 2021-ல் திருத்தி எழுதியது. காபித் திட்டு ஆறோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல், பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல். அக்குளிலோ தொடையிடுக்கிலோ புள்ளிகள். நரம்புறைக் கட்டி குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், அல்லது நரம்புக் கொத்து முழுவதும் வீங்கிப் பின்னிக்கொண்ட பெரிய கட்டி ஒன்று. கண்ணுக்குள் சில அடையாளங்கள், பார்வை நரம்பில் கட்டி, குறிப்பிட்ட சில எலும்புக் கோளாறுகள், மரபணுச் சோதனையில் மாற்றம். இவற்றில் இரண்டு இருந்தால் நோய் உறுதி. பெற்றோரில் ஒருவருக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் பிள்ளைக்கு ஒரே ஒரு அடையாளம் போதும். ஸ்கேலும் நல்ல வெளிச்சமும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கண்ணைப் பார்க்க அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது, கண்புரைக்காக நம் ஊர்க் கிழவிகள் எல்லாம் போய்வந்த இடம். அங்கே முகவாயை ஒரு தாங்கியில் பொருத்தி, ஒரு கீற்று வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சிப் பார்ப்பார்கள். கண்மணியைச் சுற்றிய பழுப்பு வளையத்தின் மேல் கடுகளவு கூட இல்லாத குட்டி மேடுகள் தெரிந்தன. இவற்றை 1937-ல் விவரித்த கார்ல் லிஷ் என்ற கண் மருத்துவர் பெயரால்தான் இன்றும் அழைக்கிறார்கள். பார்வையை இவை ஒன்றும் செய்யாது. என்.எஃப். ஒன்று உள்ள பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இருக்கும், மற்றவர்களுக்கு அபூர்வம். பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டியையும் வெட்டிச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் நரம்புறைக் கட்டி, புற்று இல்லை என்று வந்தது.

இந்தக் கட்டி நரம்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று 1882-லேயே ஃபிரடெரிக் ஃபான் ரெக்லிங்ஹாஸன் என்ற ஜெர்மன் நோயியல் அறிஞர் எழுதிவிட்டார். காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் 1990-ல் கண்டுபிடிக்கப்பட்டது. செல் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் ஒரு புரதத்தை அது செய்கிறது. இரண்டு பிரதியில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்து, பிற்பாடு ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டால், அந்த இடத்தில் கட்டி கிளம்புகிறது. வயதுக்கு வரும்போதும் கர்ப்ப காலத்திலும் எண்ணிக்கை கூடும்.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நோய் உள்ள ஒருவருக்கு உருவாகும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாவது தப்பிக்கும் என்ற கணக்கும் கிடையாது. மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு இல்லை, மகளுக்கு இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒரே மரபணு மாற்றம் இருந்தும் ஒருவருக்கு நாலு திட்டும் பத்துக் கட்டியும், இன்னொருவருக்கு உடம்பெல்லாம் என்று ஆகலாம், அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடும்பத்தில் மாற்றம் எது என்று ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து வைத்திருந்தால், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பார்க்கும் வழி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே மரபியல் பிரிவு இருக்கிறது. பிள்ளை வேண்டுமா, சோதனை வேண்டுமா என்பதெல்லாம் அவளும் அவள் கட்டிக்கொள்பவரும் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. மாப்பிள்ளை வீட்டில் மறைக்காமல், பெயரோடு சொல்லிவிடு என்றேன். பெயரோடு சொன்னால் அவர்களும் ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். "ஏதோ கட்டி" என்று சொன்னால் ஊர்வாய்தான் பதில் சொல்லும்.

என் தங்கைக்கும் எனக்கும்? எங்கள் அம்மாவுக்கு ஒரு திட்டும் இல்லை, ஒரு கட்டியும் இல்லை. இந்த மரபணு மாற்றம் இருக்கும் ஒருவரிடம் அது பெரியவராவதற்குள் ஏதாவது அடையாளத்தைக் காட்டிவிடும், ஒரு தலைமுறை ஒளிந்து அடுத்ததில் எட்டிப் பார்க்கும் வழக்கம் இதற்கு இல்லை. அம்மாவிடம் இல்லாததை அவள் எங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது. மாமன் மடியில் உட்கார்ந்த தங்கை இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மூவரும் நன்றாக இருக்கிறார்கள்.

மாமாவின் அப்பா அம்மா இருவருக்கும் இது இருந்ததில்லை. அப்புறம் எப்படி வந்தது? என்.எஃப். ஒன்று உள்ளவர்களில் பாதிப் பேர் அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். மரபணு அவரிடம்தான் புதிதாக மாறியிருக்கிறது. யாரும் எதுவும் செய்ததால் இல்லை. இதை எங்கள் அம்மாச்சியிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று நினைக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. கிரகணத்தன்று வெளியே போனாள், அதான் பிள்ளை இப்படி என்று சாகும்வரை அவளைச் சொன்னார்கள். இன்னொரு பழி, சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பது. அம்மாச்சியும் தாத்தாவும் அத்தை மகன், மாமன் மகள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்தில் நடப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது, மாநிலங்களில் நாம்தான் முதல். சொந்தத்தில் கட்டுவதால் கூடும் நோய்கள் இருக்கின்றன. அப்பா அம்மா இருவரிடமும் ஒரே கெட்ட பிரதி மறைவாக இருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வருபவை. அந்த எச்சரிக்கை நியாயமானது, நானும் சொல்வேன். என்.எஃப். ஒன்றுக்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். நோய் உள்ளவர் அக்கா மகளைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும், துணைக்கு நோய் இல்லையென்றால் பிள்ளைக்கு அதே பாதிதான்.

பரம்பரையாக வரும் சாதுவான தோல் கட்டி இது ஒன்று மட்டும் இல்லை. மாமாவோடு போன இடங்களில் வேறு சிலதையும் பார்த்தேன், கேட்டேன். மூக்கின் இரு பக்கமும் சிவந்த பொடிப் பருக்கள், வயது ஆறு, கூடவே வலிப்பு. ஆறு வயதில் சாதாரணமாக முகப்பரு வராது. உடம்பில் தேமல் போன்ற வெளிறிய இலை வடிவத் திட்டுகளும் இருந்தால் அது டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் ஆக இருக்கலாம், உடனே மூளையையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். முகப்பரு க்ரீம் தடவிக்கொண்டு வருசக்கணக்கில் ஓட்டும் பிள்ளைகளை நினைத்தால் பதறுகிறது, ஏனென்றால் அந்தப் பருக்களுக்கு இப்போது சிரோலிமஸ் என்ற பூச்சு மருந்தே வந்துவிட்டது. முப்பது வயதுக்குப் பிறகு முகத்திலும் கழுத்திலும் வெள்ளைப் பொடிக் கட்டிகள் வந்து, குடும்பத்தில் யாருக்காவது திடீரென்று நுரையீரல் சுருங்கிப்போன கதையும் இருந்தால் அது பர்ட்-ஹாக்-டூபே. 1977-ல் மூன்று கனடா டாக்டர்கள் எழுதியது. அங்கே சிறுநீரகப் புற்றைத் தேட வேண்டும். கையிலும் இடுப்பிலும் கொழுப்புக்கட்டிகள் மட்டும் பரம்பரையாக வரும் வீடுகளும் உண்டு, அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வகைப்படுத்துவதில் டாக்டர்களே எவ்வளவு தடுமாறியிருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு கதை. முகத்தில் தோல் நிறப் பருக்கள் கூட்டமாக வருவதை 1892-ல் ப்ரூக் என்ற டாக்டர் எழுதினார். தலையில் தலைப்பாகை கட்டியதுபோல உருண்டைக் கட்டிகள் மூடுவதை 1899-ல் ஷ்பீக்லர் என்ற இன்னொருவர் எழுதினார். ஒன்று மயிர்க்கால் கட்டி, இன்னொன்று வேறு சுரப்பிக் கட்டி, இரண்டும் வேறு நோய் என்று நூறு வருசம் புத்தகத்தில் தனித்தனியாக இருந்தன. ஒரே வீட்டில் தாய்க்குத் தலையில், மகளுக்கு மூக்கோரத்தில் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. 2000-ல் 16-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை என்று தெரிந்தது. அடுத்த கதை நேர் எதிர். லண்டனில் 1890-ல் இறந்த, யானை மனிதன் என்று காட்சிப்பொருளாக்கப்பட்ட ஜோசப் மெரிக்குக்கு இருந்தது ரெக்லிங்ஹாஸன் நோய் (என்.எஃப். ஒன்றின் பழைய பெயர்) என்று 1909-ல் ஒருவர் எழுத, எல்லோரும் அதையே நம்பினார்கள். என்.எஃப். ஒன்று என்று கேட்ட பெற்றோர் எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து நடுங்கினார்கள். 1986-ல் இரண்டு டாக்டர்கள் அவர் அடையாளங்களைத் திரும்ப ஆராய்ந்து, அது ப்ரோட்டியஸ் என்ற வேறொரு அபூர்வ நோய் என்று காட்டினார்கள். அது பரம்பரையாகவே வராது. தப்பான பெயர் ஒன்று எத்தனை குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது பாருங்கள்.

சரியான பெயர் கிடைத்ததால் மாமாவுக்கு என்ன லாபம் என்று ஊரில் கேட்கிறார்கள். கட்டி போகவில்லைதான். உடுத்தும்போது உரசும் நாலைந்தை மட்டும் எடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் வெட்ட வேண்டியதில்லை. தோல் மேல் இருக்கும் சின்னக் கட்டிகள் புற்றாக மாறுவதில்லை என்று தெரிந்தபின் அவருக்கு ராத்திரித் தூக்கம் வந்தது. ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டிகள்தான் கவனிக்க வேண்டியவை. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று வரக்கூடும். இருக்கும் கட்டி திடீரென்று பெருத்தால், கல்லாக இறுகினால், விடாமல் வலித்தால் அன்றைக்கே ஓட வேண்டும். வருசா வருசம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்கள், ஏனென்றால் அட்ரீனல் சுரப்பியிலோ சிறுநீரக ரத்தக்குழாயிலோ கோளாறு வந்தால் முதலில் அதில்தான் காட்டும். மாமா மகளுக்கு முப்பதிலிருந்தே வருசம் ஒருமுறை மார்பகப் பரிசோதனை. மற்றப் பெண்களைவிட இளவயதில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல். பள்ளியில் அவள் கணக்கில் திணறி வாங்கிய அடிகளையும் நினைத்துக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கற்பதில் தனிச் சிரமம் இருக்கும், புத்திக் குறைவு இல்லை, வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும். அவளுக்கு அதை யாரும் செய்யவில்லை. அறுவை செய்ய முடியாத பெரிய கட்டிகளுக்கு, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, செலுமெட்டினிப் என்ற மாத்திரையை 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. விலை நம் வீடுகளுக்கு எட்டாதது. எட்டும்படி செய்ய வேண்டும் என்று சத்தமாகக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், தோல் டாக்டரிடம் போகும்போது அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் யாரெல்லாம் வர முடியுமோ அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் தோலையும் பார்க்க வேண்டியிருக்கும். வலிப்பு, காது மந்தம், நுரையீரல் சுருங்கியது, சிறுவயதில் வந்த புற்று என்று சொந்தத்தில் யாருக்கு என்ன இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போதோ கட்டி எடுத்திருந்தால் அந்தச் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், வெட்டிய கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட விடாதீர்கள். கழற்றச் சுலபமான சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் முதுகையும் அக்குளையும் ஒருதரம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியே வருவதற்கு முன்னால், நோயின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.